கடவில் வைத்த முள்

அந்த இடத்தை எந்த ஆடும் கடிக்கவில்லை அம்மிணி. நான்தான் வெட்டுகிறேன். மாதம் ஒரு தடவை. இன்றைக்கும் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன், நீங்கள் ஸ்கேலையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வெட்டினது அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும். அப்புறம் அள்ளிக்கொள்கிறேன். இந்தப் பக்கம் வந்து பேசுங்கள். அந்தக் காது கேட்காது.

அளந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது. முள்ளை அளக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது என்று எழுபத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரிகிறது. படியுங்கள்.

இது கிளுவை வேலி. என் அப்பன் கிளைப் போத்து வெட்டி நட்டது. உள்ளே இருப்பது கொறங்காடு. உழவு கிடையாது. மழை பெய்தால் புல் முளைக்கும், ஆடு மாடு மேயும், அவ்வளவுதான் இந்தப் பூமிக்குத் தெரிந்த விவசாயம். வேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி காடு. தெய்வாத்தாள். பக்கத்துக் காட்டுக்காரனுக்கே கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளும் மகன் பூபதியும் இருக்கிறார்கள். பதினோரு வெள்ளாடு.

காலையில் அவள் பக்கம் போய் அளந்துவிட்டுத்தான் வந்தேன் என்றீர்கள். அந்தப் பக்கம் முள் நீளம், என் பக்கம் குட்டை, ஒரே வேலிக்கு ஏன் இப்படி என்று கேட்டீர்கள். இதற்குப் படிப்பு வேண்டுமா? அந்தப் பக்கம் ஆடு இருக்கிறது. இந்தப் பக்கம் இல்லை. கடிக்கிற வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முள்ளை நீட்டும். ஆட்டு வாய் எட்டாத உயரத்தில் பாருங்கள், முள் இருக்கும், ஆனால் பேருக்கு இருக்கும். செடிக்கு வீணாகச் செலவழிக்கத் தெரியாது.

எழுதிக்கொண்டீர்களா. சரி.

எனக்கும் ஆடு இருந்தது. செம்மறி, நாற்பது உருப்படி. அது புல்தான் மேயும், வேலியில் வாய் வைக்காது. போன ஐப்பசியில் கொடுத்துவிட்டேன். ஏன் என்றால், வேண்டாம் என்று தோன்றியது, கொடுத்துவிட்டேன். அதை உங்கள் நோட்டில் எழுத வேண்டியதில்லை.

தொட்டியைப் பார்க்கிறீர்கள். ஆடு இல்லை, தண்ணீர் எதற்கு நிறைத்து வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். காக்கா குடிக்கும்.

நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. முள் தடுக்கிறதற்கு இல்லை, மெதுவாக்குகிறதற்குத்தான் என்றீர்களே, அது. நானும் அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். வெள்ளாடு கிளுவையைத் தின்னாமல் விடாது. அதன் உதடு தையல்காரன் விரல் மாதிரி. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு இலையாக உருவும். குத்தினால் தலையை இழுத்துக்கொள்ளும், மறுபடி வரும். ஒரு கொப்பை மொட்டையடிக்கிற நேரத்தில் பத்து இலைதான் கிடைக்கும். அதற்குள் பொழுது போய்விடும், மேய்ப்பவன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான், செடி பிழைத்துக்கொள்ளும். நியாயமான ஏற்பாடு. ஆனால் இதெல்லாம் வலி தெரிகிற வாய்க்குத்தான். வலியே தெரியாத ஆடு ஒன்று வந்தால் முள் என்ன செய்யும்? உங்கள் புத்தகத்தில் அதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா?

இல்லையா. இருக்காது.

கடவைப் பற்றிக் கேட்டீர்கள். வேலியில் இப்படி ஆள் நுழைகிற அளவுக்கு விட்டு வைக்கிற சந்துக்குக் கடவு என்று பேர். தெய்வாத்தாளைக் கட்டிக்கொடுத்த வருஷம் அப்பன் திறந்துவிட்டது. ரோட்டைச் சுற்றி வந்தால் அவள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். இதன் வழியாக வந்தால் இருநூறு எட்டு நடை. அவர்கள் கிணறு உப்பு. ஆடு வாய் வைக்காது. அதனால் தினமும் சாயங்காலம் ஆட்டை ஓட்டிக்கொண்டு இந்தக் கடவு வழியாக வருவாள், என் தொட்டியில் தண்ணீர் காட்டுவாள், போவாள். முப்பத்தெட்டு வருஷம். வரும்போதே பேசிக்கொண்டு வருவாள். போகும்போதும் பேசிக்கொண்டு போவாள். நான் ஊம் கொட்டுவேன். சில நாள் அதுவும் இல்லை.

போன வருஷம் ஆனியில் இருந்தே மழை இல்லை. கிணற்றில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் அதற்கப்புறம் காற்றுத்தான் வரும். என் நாற்பதுக்கே பற்றவில்லை. இதில் அவளுடைய பதினொன்று. அது மட்டுமா, வருகிற வழியில் வேலியை வேறு உருவிக்கொண்டு வரும். கேட்டால், "அண்ணா, அதுக்கு வாயி சும்மா இருக்குமா"ன்னு சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் கடவில் முள் வைத்தேன்.

உங்கள் ஊரில் எப்படியோ. இங்கே கடவில் முள் வைத்தால் வராதே என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்லவேண்டாம். சண்டை வேண்டாம், சாட்சி வேண்டாம். வந்தவன் பார்ப்பான், திரும்பிப் போவான். இரண்டு பேருக்கும் மரியாதை. எத்தனையோ வம்பு அப்படி முடிந்திருக்கிறது இந்தப் பக்கத்தில். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கிளுவையை வெட்டி வைத்தால் ஆடு தின்றுவிடும். சீமைக்கருவேல்தான் வைத்தேன். பள்ளத்தில் காய்ந்து கிடந்தது. அந்த முள் தெரியும் அல்லவா. குத்தும், ஒடியும், உள்ளேயே நின்றுகொள்ளும். அப்புறம் சீழ் வைக்கும். டிராக்டர் டயரையே இறக்கிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் முள் வேலியோரம் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆடு வந்துபோன புழுக்கை இருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நான் சொன்ன சொல்லை எட்டி உதைத்துவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு இரண்டு கொப்பு வைத்தேன். அதுவும் ஒதுங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு கட்டு கொண்டுபோய்ப் போட்டேன், இடுப்பு உயரம். என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று.

அதையும் எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

வந்து, எப்போதும் போலப் பேசினாள். பூபதிக்குப் பெண் பார்த்தது, குட்டி போட்ட ஆடு பால் கொடுக்காதது, எல்லாம். முள்ளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுத்தக்காரி என்று நினைத்தேன். என் அம்மாவுக்கும் அந்த அழுத்தம் உண்டு.

அவளுக்குச் சர்க்கரை. பன்னிரண்டு வருஷமாக. காலில் உணர்ச்சி இல்லை. அடுப்புத் தணல் மேல் மிதித்துவிட்டு, ஏதோ கருகுகிற வாசம் வருகிறதே என்று சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்தவள். அதைச் சொல்லி ஊரே சிரித்திருக்கிறோம். அவளே சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் முள் வைக்கிறவன் அதையெல்லாமா நினைப்பான்? கடவில் முள் வைக்கிறது கண்ணுக்கு அம்மிணி, காலுக்கு இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு. காலால் ஒதுக்கு என்று நான் சொல்லவில்லை.

பெரிய கொப்பைக் கம்பில் தள்ளியிருக்கிறாள். சின்னதையெல்லாம் காலால் ஒதுக்கியிருக்கிறாள். ரப்பர் செருப்பு. தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. நல்ல செருப்பு வாங்கிப் போட்டிருக்கலாம். பூபதியாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். எல்லாம் என் ஒருத்தன் தலையிலேயா?

தண்ணீர் வேண்டுமா? அந்தச் சொம்பில் இருக்கிறது.

என்ன சொன்னீர்கள்? கிளுவை முள் எதில் இருந்து வருகிறது என்றா? அதுதான் காலையிலேயே நீங்களே சொன்னீர்களே. ரோஜா முள் தோலில் முளைக்கிறது, கிள்ளினால் வந்துவிடும். கிளுவை முள் கிளையேதான். இலை விட்டு நீள வேண்டிய சின்னக் கொம்பு, நுனி இறுகி முள்ளாகிவிட்டது என்று. எனக்குத் தெரியாத சங்கதி. நீங்கள் சொன்னதற்கப்புறம் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறது. இலை விட்டிருக்கலாம்தான்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்காக முள் வைத்தேன் என்றேன். தண்ணீர் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம் மூலனூரில் ஒரு காதுகுத்து. எங்கள் பங்காளி வீடு. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், ஐம்பது அறுபது பேர். ஒருத்தன் அவளைக் கேட்டான், "ஏனாத்தா, உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி எங்களுக்கும் ரண்டு கொடம் தண்ணி வாங்கிக் குடேன்"னு. இவள் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தண்ணி கேட்டாக் குடுத்துப்போடுவாரு. வார்த்த கேட்டீங்கன்னாத்தான் எங்கண்ணன் கெணறு வத்திப்போகும்" என்றாள்.

பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன்கூட சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் பாயசம் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அதில் என்ன தப்பு இருக்கிறது? தண்ணீர் கேட்டால் கொடுப்பேன் என்றுதானே சொன்னாள். ஆனால் எனக்கு அது குத்திவிட்டது. குத்தினவளுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் கடவுக்கு முள் வந்தது. ஏன் தெய்வா அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். வார்த்தை வரவில்லை. முள்தான் வந்தது.

அவள் படுக்கையில் விழுந்தது முள்ளால் இல்லை. அதைச் சொல்கிறேன். எழுதுவதை நிறுத்துங்கள். இது எழுதுகிறதற்கு இல்லை.

மூன்றாம் நாள் அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டு வந்தாள் என்றேன் அல்லவா. மறுநாளும் வந்தாள். தண்ணீர் காட்டினாள், பேசினாள், போனாள். நான் முள்ளை நிறுத்திவிட்டேன், இவளோடு மல்லுக்கு நின்று முடியாது என்று. அவள் போனதற்கப்புறம் பார்த்தால் தொட்டியடியில், அந்தச் சிமெண்டு இருக்கிறதே, அங்கே ஒரு தடம். வலது கால். குதிகால் பக்கம் கறுப்பாக, ஈரமாக.

ஆட்டுக்கு ஏதாவது குளம்பில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன்.

இல்லை. அப்படி நினைக்கவில்லை. ஆட்டுக் குளம்பு அந்த மாதிரி தடம் வைக்காது. ஐந்து விரலும் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டிக்கு வருவாள், தண்ணீர் இருக்கிற இடம் என்று. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, கால் யாருடையது, முள் யாருடையது என்று. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இருநூறு எட்டுத்தான். அவள் அந்த வெள்வேலா மரத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அடுத்த நாளும் இருந்தது தடம். அதற்கடுத்த நாளும். நாலு நாள் கழுவினேன். வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்கே தெரியாமலா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாது என்பது எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தவன் திடீரென்று போய்ப் பேசினால், முள் வைத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. ஆட்டைப் பூபதி ஓட்டிக்கொண்டு வந்தான். "மாமா, வீட்டுல ஏதோ எலி செத்த நாத்தம்னு தேடிட்டு இருந்தோம். அம்மா காலு மாமா" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுப் பையன். நாலைந்து நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். கட்டிலோரம் நின்றேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணா, கடவுல ஆரோ முள்ளக் கொண்டாந்து போடறாங்க. மொதல்ல ஆடிக் காத்துக்கு வந்து கெடக்குதாக்குன்னு நெனச்சேன். தெனமும் கெடந்துது. நீ அந்தப் பக்கம் போனா மிதிச்சுப்போடுவியேன்னு எடுத்து எடுத்துப் போட்டேன். உனக்கு வேற கண்ணு மங்கல். பாத்து நட."

நான் "செரி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். செரி.

இடுப்பு உயரக் கட்டு எந்தக் காற்றுக்கு வரும்? அது அவளுக்குத் தெரியாதா? தெரியும் என்று ஒரு நாள் தோன்றும். தெரியாது என்று ஒரு நாள் தோன்றும். தெரிந்துதான் சொன்னாள் என்றால் அது ஒரு மாதிரி. தெரியாமல் சொன்னாள் என்றால் அது இன்னும் மோசம். ஒரு வருஷமாக இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்தத் தொட்டியடியில்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததற்கப்புறம் இரண்டு தடவை போனேன். காபி கொடுத்தார்கள். குடித்தேன். வந்தேன். பூபதி அவன் வீட்டுக்குக் குழாய் இழுத்துவிட்டான். ஆட்டுக்கு இங்கே வரவேண்டிய வேலை இல்லை. கடவுக்கும் வேலை இல்லை. ஆள் போகாத கடவை வேலி விட்டு வைக்குமா? இரண்டு பக்கமும் கை நீட்டி மூட வருகிறது. நான் வெட்டுகிறேன். வெட்டினால் ஆடு கடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது செடி. அடுத்த தடவை முள் இன்னும் நீளமாக வருகிறது. அதைத்தான் நீங்கள் அளந்தீர்கள். வேலியிலேயே நீளமான முள் அதுதான் என்றீர்களே. நான் அதை மூடாமல் காப்பாற்றத்தான் வெட்டுகிறேன். அதற்கு அது எப்படித் தெரியும்?

காலேஜில் என்ன காரணம் எழுதுவீர்கள்? ஆடு என்றே எழுதிவிடுங்கள்.

அவளுக்குக் கால் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கால். வாசலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடந்து பழகுகிறாளாம். பூபதி சொன்னான். "ஆடு இந்தக் கொழாத் தண்ணிய மூஞ்சியச் சுளிச்சுட்டுக் குடிக்குது, எங்கண்ணன் தொட்டிக்கு ஓட்டியாந்துதான் தீருவேன்" என்கிறாளாம். எப்போது என்று சொல்லவில்லை. அதனால்தான் தினமும் தொட்டியை நிறைக்கிறேன். காக்காய்க்கு இல்லை.

வந்தால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். இப்போது உங்களிடம் சொன்னேன் அல்லவா, நன்றாகவே வந்தது. முகம் தெரியாதவர்களிடம் வருகிறது. அவள் வந்தால் செரி என்றுதான் வரும். எனக்கு என்னைத் தெரியும்.

ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? மணிச் சத்தமா? எனக்குக் கேட்காது. ஆடா? எத்தனை?

பின்னால் யார், பூபதியா? பொம்பளையா? கம்பு ஊன்றிக்கொண்டா?

எந்த வழியாக? ரோட்டு வழியாக இல்லையா? கடவுக்கா?

அம்மிணி, நான் வெட்டினதை அள்ளவில்லை. கடவு பூராவும் கிடக்கிறது. உங்களோடு பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கையை விடுங்கள், நான் நடப்பேன். விடுங்கள்.

"தெய்வா. நில்லு. அங்கயே நில்லு. ஆடு வந்தா வருட்டும், நீ காலு வெக்காதே. முள்ளுக் கெடக்குது. இது நான் வெட்டிப் போட்டது. போன ஆடியிலயும் நான்தான் போட்டேன். மூணு நாளும் நான்தான். காத்துமில்ல, ஆருமில்ல. உன்ற கால் ரத்தத்தப் பாத்தேன். பாத்துட்டுக் கழுவி உட்டேன். நாலு நாளும் கழுவி உட்டேன், தெய்வா."

கடவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். உதடு அசைகிறது. என்ன சொல்கிறாள்? நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் அம்மிணி, உங்களுக்கு நல்ல காது.

ஆட்டுக்குத் தாகமாக இருக்கிறதாமா. முள்ளை எடுத்துப் போடச் சொல்கிறாளா. அவ்வளவுதானா? மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லையா? நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா?

கேட்டதா. சரி.

நோட்டைக் கீழே வையுங்கள். குனியுங்கள். நீங்கள் அந்த ஓரத்தில் இருந்து எடுங்கள், நான் இங்கிருந்து வருகிறேன். கம்பு வேண்டாம், கையாலேயே எடுங்கள், குத்தினால் குத்தட்டும். அப்போதுதான் எங்கே கிடக்கிறது என்று தெரியும். சின்னத் துண்டுகூட விடக்கூடாது. அவளுக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது. அதற்கும் குத்தினால் தெரியாது.